பிழைச்செய்தியைப் படிப்போம்: உபுண்டுவின் மூலப்பட்டியலைச் சரிசெய்தல்

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயக்க அமைப்புக்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் வலு இல்லாத பழைய கணினிகள் நம் வீடுகளிலும் மாணவர் வீடுகளிலும் நிறைய இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் இப்போது உபுண்டு நிறுவப்பட்டு வருகிறது. லினக்ஸ் நமக்குப் புதிதன்று. 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் உபுண்டுவை அறிமுகம் செய்கிறது. ஆனால் திரையில் உள்ள குறும்படங்களின் பெயர்களைத் தெரிந்துகொள்வதோடு அந்த அறிமுகம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

சிக்கல் பிறகுதான் வருகிறது. கணிதத்துக்காக ஜியோஜீப்ராவை நிறுவ முயல்கிறோம். திரையில் நான்கைந்து வரி ஆங்கிலம் தோன்றுகிறது. மூலங்களின் பட்டியலைப் படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். அன்று முதல் எந்த மென்பொருளையும் நிறுவவும் முடியாது, இருப்பதைப் புதுப்பிக்கவும் முடியாது. விவரம் தெரிந்தவர் என்று யாரைக் கேட்டாலும், "ஃபார்மட் பண்ணிடுங்க சார்" என்பார்கள். ஃபார்மட் செய்தால் மாணவரின் செயல்திட்டம், ஸ்கேன் செய்து வைத்த சாதிச் சான்றிதழ், நாம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த வினாத்தாள்கள் எல்லாம் போய்விடும். பல நேரங்களில் அங்கே பிழையாக இருப்பது ஒரு வரியில் உள்ள ஓர் எழுத்து மட்டுமே. அது எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதையும் கணினியே சொல்லியிருக்கும். அதைப் படிக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றியே இக்கட்டுரை.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டச்சு செய்யும்போது அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்க வேண்டும்.

மூலப்பட்டியல் என்றால் என்ன?

உபுண்டுவில் பெரும்பாலான மென்பொருள்களைத் தனித்தனி இணையதளங்களில் தேடி இறக்குவதில்லை. களஞ்சியம் எனப்படும் பொதுக் கிடங்குகளிலிருந்து 'ஆப்ட்' என்னும் கருவி அவற்றைக் கொண்டுவருகிறது. எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும், எந்தப் பதிப்புக்கு உரியதைக் கேட்க வேண்டும், எந்தப் பிரிவிலிருந்து எடுக்க வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுத்திருக்கும் தாள்தான் மூலப்பட்டியல்.

நமக்குப் பழக்கமான ஒன்றோடு ஒப்பிடலாம். கல்வியாண்டின் தொடக்கத்தில் விலையில்லாப் பாடநூல்களுக்குத் தேவைப்பட்டியல் அனுப்புகிறோம். அதில் வகுப்பு, பயிற்றுமொழி, பருவம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் பதில் ஏழு என்று எழுதினால் புத்தகம் வரும், ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது ஆகாது. கிடங்கின் முகவரி தவறினால் எதுவுமே வராது. ஆப்ட் கருவியின் நிலையும் இதுதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நம் பட்டியலில் ஒரு வரி தவறினால் கிடங்கு அலுவலர் அந்த வரியை மட்டும் சுழித்துத் திருப்பி அனுப்புவார். ஆப்ட் அப்படியில்லை. ஒரு வரியின் அமைப்பு புரியாவிட்டாலும் முழுப் பட்டியலையும் படிக்க மறுத்துவிடும். கணினியே கெட்டுவிட்டது என்று மாணவர்கள் அஞ்சுவது இதனால்தான்.

இந்தப் பட்டியல் 'இடிசி' என்ற கோப்புறைக்குள் 'ஆப்ட்' என்ற கோப்புறையில் இருக்கிறது. கோப்பின் பெயர் 'சோர்சஸ் டாட் லிஸ்ட்'. அதன் பக்கத்திலேயே 'சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி' என்ற கோப்புறையும் இருக்கும். நாம் பின்னாளில் சேர்க்கும் வெளி மூலங்கள், எடுத்துக்காட்டாகக் குரோம் உலாவிக்கு உரியது, அதற்குள் தனித்தனிக் கோப்புகளாக அமையும். பிழை எந்தக் கோப்பில் என்று பார்க்காமல் முதல் கோப்பையே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. பிழை பக்கத்துக் கோப்புறையில் இருக்கும்.

பழைய அமைப்பில் ஒரு மூலம் என்பது ஒரே வரி. வரியின் முதல் சொல் 'டெப்'. அடுத்து ஓர் இடைவெளி விட்டுக் கிடங்கின் இணைய முகவரி. அடுத்து பதிப்பின் புனைபெயர். கடைசியில் பிரிவுகள்: மெயின், ரெஸ்ட்ரிக்டட், யுனிவர்ஸ், மல்டிவர்ஸ். வரியின் தொடக்கத்தில் '#' குறி இருந்தால் ஆப்ட் அந்த வரியைப் பொருட்படுத்தாது. இந்தக் குறி நமக்குப் பெரிய உதவி. ஐயமான வரியை அழிக்க வேண்டியதில்லை, முன்னால் '#' இட்டு உறங்க வைத்தால் போதும்.

புனைபெயர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உபுண்டுவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் உண்டு. எண்ணின் முதல் பகுதி ஆண்டு, அடுத்தது மாதம். 2022 ஏப்ரலில் வந்தது 22.04, பெயர் 'ஜாமி'. 2024 ஏப்ரலில் வந்தது 24.04, பெயர் 'நோபிள்'. பட்டியலில் எண் வராது, பெயர்தான் வரும். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் பதிப்புகள் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். அவற்றுக்கு ஐந்து ஆண்டு வழக்கமான ஆதரவு உண்டு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம் மட்டுமே. நம் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை அமைப்புகள் செயலியில் கணினியைப் பற்றிய பகுதியில் பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

24.04 முதல் இந்த அமைப்பு மாறியிருக்கிறது. ஒரே வரிக்குப் பதிலாக, 'உபுண்டு டாட் சோர்சஸ்' என்ற கோப்பில் வகை, முகவரி, பதிப்பு, பிரிவு என்று ஒவ்வொன்றும் தலைப்போடு தனி வரியில் இருக்கும். படிக்க இது எளிது. ஆனால் பழைய குறிப்புகளைப் பார்த்து, பழைய கோப்பில் மீண்டும் அதே மூலங்களை எழுதுபவர்களுக்கு, ஒரே மூலம் பலமுறை அமைக்கப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை வரும். இரண்டில் ஒன்றை '#' இட்டு நிறுத்தினால் அது போய்விடும்.

கை வைக்கும் முன்

முனையத்தைத் திறந்து 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளையைக் கொடுக்கிறோம். கடவுச்சொல் கேட்கும். தட்டச்சு செய்யும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாமல் போகலாம், அது இயல்பானதே. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று இந்த இடத்திலேயே எழுந்து போன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். 'ஹிட்' என்றால் மாற்றம் ஏதுமில்லை, 'கெட்' என்றால் புதிதாக எடுத்தது, 'இக்ன்' என்றால் விட்டுவிட்டது, 'எர்' என்றால் அந்த மூலத்தை அடைய முடியவில்லை. கடைசியில் வரும் செய்திகளின் முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும். 'ஈ' என்பது பிழை, 'டபிள்யூ' என்பது எச்சரிக்கை, 'என்' என்பது வெறும் அறிவிப்பு. எச்சரிக்கையைக் கண்டு பதற வேண்டாம். முதலில் கவனிக்க வேண்டியது 'ஈ' வரிகளையே.

அந்த வரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளலாம், அல்லது கைப்பேசியில் படம் எடுக்கலாம். அடுத்து, திருத்தப் போகும் கோப்புக்கு 'சிபி' கட்டளையால் ஒரு நகல் எடுத்து வீட்டுக் கோப்புறையில் வைக்க வேண்டும். இவ்விரண்டும் முடியாமல் எந்த எழுத்தையும் மாற்றக்கூடாது. என் வகுப்பில் இதை விதியாகவே வைத்திருக்கிறேன்.

வரி அமைப்பில் பிழை

தொடக்கநிலையில் இருப்பவர்கள் மிகுதியாகச் சந்திப்பது இதைத்தான். செய்தி இரு வகையில் வரும். ஒன்று, இன்ன வரியில் உள்ள இன்ன 'வகை' தெரியாது என்பது. மற்றொன்று, இன்ன பதிவு 'மால்ஃபார்ம்ட்', அதாவது அமைப்புச் சிதைந்தது என்பது. இரண்டிலும் கோப்பின் முழு முகவரியும் எண்ணும் இருக்கும். குறிப்பு வரிகளையும் வெற்று வரிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். புதிய அமைப்புக் கோப்புகளில் மட்டும், சிதைந்த பதிவைக் குறிக்கும் எண் வரியை அல்லாமல் பத்தியைச் சுட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் மடிக்கணினி கடைக்குப் போய், வன்தட்டு போய்விட்டது என்ற தீர்ப்போடு திரும்பி வந்தது. புதியது மாற்றும் வசதி அந்த வீட்டில் இல்லை. கணினியைத் திறந்து செய்தியைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். வகை தெரியாது என்ற சொற்களுக்கு நடுவில் மேற்கோள் குறிக்குள் 'டெப்' என்று இருந்தது. "டெப்னுதானே சார் இருக்கணும்? சரியாத்தானே இருக்கு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மற்ற வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து, இந்த வரியில் மட்டும் முதல் எழுத்துப் பெரிய எழுத்தாக இருப்பதை அவரே கண்டுபிடித்தார். உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரி அது. கைப்பேசி தானாகவே முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டது. ஆப்ட் கருவிக்கு இரண்டும் வேறு வேறு. வன்தட்டு நலமாகவே இருந்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பிழைகளும் உண்டு. நீளமான வரியை ஒட்டும்போது அது இரண்டாக உடைந்து, பின்பாதி அடுத்த வரியில் விழும். அப்போது 'யுனிவர்ஸ்' என்ற வகை தெரியாது என்று செய்தி வரும். கணினி ஏதோ உளறுவதாகத் தோன்றும். ஆனால் வரியின் முதல் சொல்லைத்தான் அது வகையாக எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தால், உடைந்த இடம் உடனே புலப்படும். முகவரிக்கும் புனைபெயருக்கும் இடையே இடைவெளி விடுபட்டால் இரண்டும் ஒரே சொல்லாகி, பிரிவின் பெயர் பதிப்பின் இடத்துக்கு நகர்ந்துவிடும். பிரிவு காணவில்லை என்ற பொருளில் 'காம்பொனன்ட்' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் வரும். தமிழில் புணர்ச்சிப் பிழை திருத்தும் நமக்கு, இடைவெளியால் பொருள் மாறுவது விளங்காத ஒன்றா என்ன!

திருத்துவதற்கு 'சூடோ நானோ' என்று எழுதி, கூட்டல் குறியோடு வரி எண்ணையும், பிறகு கோப்பின் முகவரியையும் கொடுத்தால் அதே வரியில் கோப்பு திறக்கும். திருத்தியபின் கன்ட்ரோல் விசையோடு 'ஓ' அழுத்தி, என்டர் தட்டிச் சேமிக்கலாம். கன்ட்ரோலோடு 'எக்ஸ்' அழுத்தினால் வெளியே வரலாம். 'மென்பொருளும் புதுப்பிப்புகளும்' என்ற வரைகலைக் கருவி வழியாகவும் மூலங்களை மாற்ற முடியும். ஆனால் பட்டியலே சிதைந்திருக்கும்போது அந்தக் கருவி சில நேரம் திறக்க மறுக்கும். எனவே நானோ பழகியிருப்பது நல்லது.

கிடங்கில் சரக்கு இல்லை

வரி அமைப்பு சரியாக இருந்தும், அந்த மூலத்தில் 'ரிலீஸ்' கோப்பு இல்லை என்று வரலாம். கூடவே 404 என்ற எண்ணும் இருக்கும். முகவரியில் எழுத்துப்பிழை இல்லையென்று உறுதி செய்த பிறகு, காரணம் இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி.

முதலாவது, பதிப்பின் காலம் முடிந்திருப்பது. 2023 அக்டோபரில் வந்த 23.10 பதிப்புக்கு 2024 ஜூலையோடு ஆதரவு நின்றது. இப்படிக் காலம் முடிந்த பதிப்புகளை வழக்கமான கிடங்கிலிருந்து எடுத்து, 'ஓல்ட் ரிலீசஸ்' என்ற பழைய கிடங்கில் வைத்துவிடுவார்கள். பாடத்திட்டம் மாறியதும் பழைய புத்தகக் கட்டுகள் வேறு அறைக்குப் போவது போலத்தான். பட்டியலில் கிடங்கின் முகவரியை அதற்கேற்ப மாற்றினால் ஆப்ட் மீண்டும் இயங்கும். ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கே வரப்போவதில்லை. ஆகவே அதைத் தற்காலிக வழியாக மட்டும் கொண்டு, கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மாறிவிட வேண்டும். வீட்டுக் கணினிக்கு முதலிலேயே அந்தப் பதிப்பை நிறுவுவதுதான் சரி என்பது என் கருத்து. ஒன்பது மாதப் பதிப்புகள் ஆர்வலர்களுக்கு உரியவை.

இரண்டாவது, வெளி மூலம். 'பிபிஏ' எனப்படும் தனியார் களஞ்சியம் ஒன்றை ஜாமியில் சேர்த்திருப்போம். நோபிளுக்கு உயர்த்திய பிறகு, அதை நடத்துபவர் நோபிளுக்கென எதுவும் வெளியிடாமல் இருக்கலாம். அந்த மூலத்தை '#' இட்டு நிறுத்திவிடலாம், அல்லது வரைகலைக் கருவியில் பிற மென்பொருள்கள் பகுதிக்குச் சென்று டிக் குறியை எடுத்துவிடலாம். சிலர் புனைபெயரை மட்டும் வேறு பதிப்பின் பெயராக மாற்றி வைப்பார்கள். பிழைச்செய்தி மறையும், ஆனால் ஒன்றையொன்று சார்ந்த மென்பொருள்கள் பொருந்தாமல் போய், பிறகு பெரிய சிக்கலாக முளைக்கும். உபுண்டு கணினியில் டெபியனின் மூலத்தைச் சேர்ப்பதும் இப்படித்தான். செய்யக்கூடாது.

கையொப்பம் பொருந்தவில்லை

களஞ்சியத்தின் உள்ளடக்கப் பட்டியல் மின்னணு முறையில் கையொப்பமிடப்பட்டு வருகிறது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோல் நம் கணினியில் இருக்க வேண்டும். கருவூலத்தில் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலரின் மாதிரிக் கையொப்பம் இருந்தால்தானே பட்டியலில் இருப்பதை ஒப்பிட முடியும்? 'நோ பப்கீ' என்ற செய்திக்குப் பொருள், மாதிரி என்னிடம் இல்லை என்பதுதான். அது கணினியின் குறையன்று. அது நம்மைக் காக்கும் காவல்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறான வழிக்கு இழுக்கப்படுகிறார்கள். மூலத்தில் 'டிரஸ்டட்' என்ற சொல்லைச் சேர்த்து, சரிபார்க்காமலேயே நம்பச் சொல்லும் குறுக்குவழி உண்டு. செய்தி போய்விடும், கூடவே காவலும் போய்விடும். நிர்வாகி உரிமையோடு கணினிக்குள் நுழையும் மென்பொருளை யார் தந்தார்கள் என்பதே தெரியாமல் போகும். செய்ய வேண்டியது வேறு. அந்த மூலம் நமக்குத் தேவைதானா என்று முதலில் கேட்க வேண்டும். தேவையில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். தேவையென்றால், அந்த மென்பொருளை வெளியிடுவோரின் சொந்த இணையதளத்தில் உள்ள இப்போதைய வழிமுறைப்படி திறவுகோலைப் பெற வேண்டும். 'ஆப்ட் கீ' கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் பழையவை, அந்த முறை கைவிடப்பட்டுவிட்டது.

பட்டியலைத் தொடாமலே தீர்பவை

ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் இத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு விசித்திரமான செய்தி வருவதுண்டு. காரணம் கணினியின் கடிகாரம். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால், பழைய கணினி ஒவ்வொரு முறையும் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். நேற்றைய தேதியில் இருப்பவரிடம் இன்றைய கடிதத்தைக் கொடுத்தால் எப்படி நம்புவார்? தேதியைச் சரிசெய்தால் அன்றைக்குத் தீரும். சிஆர் 2032 வகை மின்கலத்தை மாற்றினால் தொடர்ந்து தீரும். அதன் விலை சிறிதுதான்.

முகவரியைக் கண்டறிவதில் தற்காலிகத் தோல்வி என்றால் இணைய இணைப்பைப் பார்க்க வேண்டும். பூட்டைப் பெற முடியவில்லை என்றால், வேறொரு புதுப்பித்தல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். பத்து நிமிடம் பொறுக்கலாம். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்க வேண்டாம். இந்தியாவுக்கான கிடங்கு மெதுவாக இருந்தால், வரைகலைக் கருவியில் முதன்மைச் சேவையகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

வகுப்பறையில்

பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளின் அமைப்புகளில் கை வைக்க வேண்டாம். அதற்குத் தேவையும் இல்லை. ஐந்தாறு பிழைச்செய்திகளைத் தாளில் அச்சிட்டு, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு குழுவும் கோப்பின் பெயரை ஒரு நிறத்திலும், வரி எண்ணை மற்றொரு நிறத்திலும், காரணச் சொல்லை வேறொரு நிறத்திலும் அடிக்கோடிடட்டும். பிறகு செய்தி முழுவதையும் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லட்டும். கடைசியில், பிழையுள்ள பட்டியல் அச்சிட்ட இன்னொரு தாளில் அந்த வரியைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் திருத்தட்டும்.

தமிழ்வழி மாணவர்கள் இந்தச் செய்திகளைப் படிக்காமல் மூடிவிடுவதற்கு முதற்காரணம் கணினி அச்சமன்று, ஆங்கில அச்சமே. ஆனால் இச்செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை இருபது சொற்களுக்குள்தான் இருக்கும்: தெரியாது, வரி, பட்டியல், சிதைந்தது, காணவில்லை, காலாவதி, தோல்வி, பூட்டு, கையொப்பம் போன்றவை. ஆங்கில ஆசிரியரோடு பேசி, அவற்றை அந்த வாரத்துச் சொற்பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் ஆயின.

வீட்டில் கணினி உள்ள மாணவர்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தேதி, வந்த செய்தி, திருத்துவதற்கு முன் இருந்த வரி, திருத்திய பின் உள்ள வரி ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். திருத்தியதும் மீண்டும் 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்து, 'ஈ' என்று தொடங்கும் வரி ஒன்றுகூட இல்லை என்பதைப் பார்த்த பிறகே பதிவின் கீழ்க் கையொப்பம் இட வேண்டும். முன்பு நான் சொன்ன மாணவியின் குறிப்பேட்டில் இப்போது ஏழு பதிவுகள் இருக்கின்றன. அவற்றுள் நான்கு, அவர் தெருவில் உள்ள பிறர் வீட்டுக் கணினிகளுடையவை.